9,000 ரூபாய் பிரஷ் கட்டரா, 30,000 ரூபாய் பிரஷ் கட்டரா? விலைக்கு முன்னாடி மணிக்கணக்கைப் பாருங்க



ஊர்ல ஒரு ஏக்கர் தென்னந்தோப்பு. வேலை சென்னையிலயோ பெங்களூருலயோ. மாசத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போனா, மழைக்குப் பிறகு முழங்கால் உயரத்துக்குப் புல்லு நிக்குது. விழுந்த தேங்காய் எங்க கிடக்குன்னே தெரியல. அறுபது வயசு தாண்டின அப்பா அரிவாளை வச்சுக்கிட்டு தனியா எவ்வளவுதான் வெட்டுவார்? உடனே போனை எடுத்து பிரஷ் கட்டர்னு தேடுறோம். ஒரு பக்கம் 52 சிசி, எட்டு ஒன்பதாயிரம் ரூபாய், கூடவே ரெண்டு மூணு பிளேடு இலவசம். இன்னொரு பக்கம் ஸ்டில், ஹோண்டா, ஹஸ்க்வர்னா. சிசி கம்மி, விலை மட்டும் மூணு மடங்குக்கு மேல.

இந்த ரெண்டுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 21,000 ரூபாய் இருக்கு. கையில 45,000 சம்பளம் வாங்குற ஒருத்தருக்கு அது பாதி மாசச் சம்பளம். நம்ம சேனல்ல டூவீலர், ஃபிரிட்ஜ், லேப்டாப்னு எதைப் பத்திப் பேசினாலும் ரெண்டு கட்சி வந்துடும். "நல்லதா ஒரே தடவை வாங்கிடு"ங்கறது ஒரு கட்சி. "சீப்பா வாங்கு, கெட்டா தூக்கிப் போடு"ங்கறது இன்னொரு கட்சி. தோட்டத்து மெஷின் விஷயத்துல ரெண்டு கட்சியுமே ஒரு கேள்வியைத் தாண்டி ஓடிடுறாங்க. வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் அந்த மெஷின் ஓடப் போகுது? அதை முதல்ல பார்ப்போம்.

ஒரு ஏக்கர் கணக்கு

பிரஷ் கட்டர் பழகின கைக்கு ஒரு ஏக்கர் தோப்பு ஒரு முழு நாள் வேலைன்னு வச்சுக்குவோம், எட்டு மணி நேரம். வருஷத்துக்கு மூணு தடவை வெட்டினா 24 மணி நேரம். அஞ்சு வருஷத்துக்கு 120 மணி நேரம். அவ்வளவுதான். பைக்கோட ஒப்பிட்டா, ஆபீஸுக்குத் தினம் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டுறவர் அஞ்சே மாசத்துல முடிக்கிற ஓட்டம் இது.

கீழ வர்ற தொகை எல்லாம் உதாரணத்துக்கு நான் போட்டது. உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்கோங்க.

சாதா மெஷின்: 9,000 ரூபாய். மூணாவது வருஷம் அது படுத்துடும், இன்னொண்ணு வாங்குவீங்கன்னு வச்சுக்குவோம். ஆக 18,000. ரிப்பேர் வருஷத்துக்கு 1,500, அஞ்சு வருஷத்துக்கு 7,500. பெட்ரோல், ஆயில், நைலான் கயிறு எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு 2,500, அது 12,500. மொத்தம் 38,000.

பிராண்ட் மெஷின்: 30,000. சர்வீஸ் வருஷத்துக்கு அதே 1,500. இங்க சர்வீஸ் சென்டர் கூலியும் ஒரிஜினல் பார்ட்ஸும் விலை அதிகம், ஆனா ரிப்பேர் எண்ணிக்கை கம்மி. அதனால ரெண்டுக்கும் ஒண்ணா வச்சிருக்கேன். பெட்ரோல் செலவு அதே 12,500. அஞ்சு வருஷம் கழிச்சு பழைய விலைக்கு 10,000 ரூபாய்க்கு விக்கலாம்னு வச்சா, மொத்தம் 40,000.

பார்த்தீங்களா? 21,000 ரூபாய் வித்தியாசம்னு நினைச்சது, அஞ்சு வருஷத்துல 2,000 ரூபாயா சுருங்கிடுச்சு. மணிக்கு 317 ரூபாய் எதிர் 333 ரூபாய். இதுக்காகவா ரெண்டு வாரம் யூடியூப் ரிவ்யூ பார்த்தோம்!

இப்ப மூணாவது கணக்கு. மெஷினோட வந்து வெட்டிக் கொடுக்குற ஆள் எல்லா ஊர்லயும் இருக்கார். பெட்ரோல் அவரோடது, கூலியும் அதுக்குள்ள. நாளைக்கு 1,500 ரூபாய்னு போட்டா வருஷத்துக்கு 4,500. அஞ்சு வருஷத்துக்கு 22,500. மணிக்கு 188 ரூபாய் கூட வரல. முன்னாடி சொன்ன ரெண்டு கணக்குலயும் வெட்டுற ஆளோட கூலி சேரவே இல்லைங்கறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க. அங்க உங்க ஞாயித்துக்கிழமையும் உங்க முதுகும் இலவசம்.

ஒரு ஏக்கருக்கு, ஆள் கிடைக்குற ஊர்ல, மெஷின் வாங்குறதே தேவையில்லாத செலவுங்கறது என் கருத்து. பிராண்டா சாதாவாங்கற கேள்விக்கே நீங்க போக வேண்டியதில்ல.

"ஆள் கிடைக்கலையே"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஐப்பசி மழை விட்டதும் ஊர்ல எல்லாருக்கும் ஒரே வாரத்துல புல்லு வெட்டணும். அந்த ஒரு ஆள் பத்துத் தோப்புக்கு எப்படிப் போவார்? உங்க முறை வர்றதுக்குள்ள புல்லு பூத்து விதை விழுந்துடும், அடுத்த தடவை ரெண்டு மடங்கா முளைக்கும். அந்த மாதிரி ஊர்ல சொந்த மெஷினுக்கு மதிப்பு உண்டு. அந்த மதிப்பை "காத்திருக்காம இருக்க நான் எவ்வளவு கொடுக்கத் தயார்"னு ஒரு தொகையா எழுதிப் பாருங்க. மேல சொன்ன கணக்குப்படி அஞ்சு வருஷத்துக்கு 16,000 ரூபாய் சுமார், அதாவது வருஷத்துக்கு 3,200. அது உங்களுக்கு ஏத்ததுன்னா வாங்கலாம்.

இப்ப நாலு ஏக்கர் வச்சிருக்கிறவர் கணக்கைப் பார்ப்போம். வருஷத்துக்கு 100 மணி நேரம், அஞ்சு வருஷத்துக்கு 500. சாதா மெஷின் ஒவ்வொண்ணும் 150 மணி நேரம் உழைக்கும்னு வச்சா நாலு மெஷின், 36,000. ரிப்பேர் 15,000. பெட்ரோல் வகையறா வருஷத்துக்கு 10,000 வீதம் 50,000. மொத்தம் 1,01,000. பிராண்ட் மெஷின் 30,000, சர்வீஸ் 15,000, பெட்ரோல் 50,000, நல்லா உழைச்ச மெஷின்ங்கறதால பழைய விலை 5,000 மட்டும் கழிச்சா 90,000. ஆளை வச்சு வெட்டினா வருஷத்துக்கு 13 நாள், அஞ்சு வருஷத்துக்கு 97,500.

இங்க பிராண்ட் ஜெயிக்குது. ஆனா எவ்வளவுல? ஆளை விட 7,500 ரூபாய் மட்டும் லாபம், அதுக்கு நீங்க 500 மணி நேரம் உழைக்கணும். மணிக்கு 15 ரூபாய் கூலி. சொந்தக் கையால வெட்டுறது பிடிக்கும்னா, இல்ல அப்பா தினம் காலையில ஒரு மணி நேரம் அவரா செய்யுறார்னா சரி. மத்தபடி இது சேமிப்புன்னு மனசைத் தேத்திக்க வேண்டாம்.

பேர் தெரியாத மெஷினுக்குள்ள என்ன இருக்கு?

சிசி பெருசா இருந்தா பவர் பெருசுன்னு நம்ம எல்லாருக்கும் பைக் வாங்கிப் பழகின புத்தி. இங்க அது அப்படியே பொருந்தாது. ஸ்டில் எஃப்எஸ் 120 மெஷின் 30.8 சிசிதான், ஆனா 1.3 கிலோவாட் தருது. ஹோண்டாவோட ஜிஎக்ஸ் 35 இன்ஜின் 35.8 சிசி, நாலு ஸ்ட்ரோக், பவர் 1 கிலோவாட். சிசி கூட இருக்குற ஹோண்டாவுல பவர் கம்மி, ஏன்னா அது வேற வகை இன்ஜின். அதுக்குப் பதிலா வேற வசதி இருக்கு, அதுக்குக் கீழ வர்றேன். 52 சிசின்னு ஸ்டிக்கர் ஒட்டினதாலேயே ஒரு மெஷின் இது ரெண்டையும் விட வலுவானதுன்னு சொல்லிட முடியாது.

அந்த 52 சிசி மெஷின்களைப் பத்தி நிறைய பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. பத்துப் பேர்ல பத்து ஸ்டிக்கர் ஒட்டி விக்கிறாங்க, ஆனா உள்ள இருக்குற இன்ஜின் பெரும்பாலும் ஒரே டிசைன். இன்ஜின்லயோ பெட்டியிலயோ 1இ44எஃப்-5 மாதிரி ஒரு எண் இருக்கும். ஒரு சிலிண்டர், 44 மில்லிமீட்டர் விட்டம்னு அர்த்தம். 43 சிசின்னு விக்கிறது 1இ40எஃப்-5, அதுல விட்டம் 40 மில்லிமீட்டர். சைனாவுல பல தொழிற்சாலைகள் இதே அளவுல செஞ்சு தள்ளுறாங்க.

இதனால என்ன லாபம்? கார்புரேட்டர், கயிறு இழுக்குற ஸ்டார்ட்டர், கிளட்ச், காயில் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பொருந்தும், விலையும் சில நூறு ரூபாய்தான். எந்த விவசாய மெஷின் கடையிலயும் கிடைக்கும். பக்கத்து டவுன் மெக்கானிக் கண்ணை மூடிக்கிட்டு மாத்துவார். பிராண்ட் மெஷின்ல அதே கார்புரேட்டர் போச்சுன்னா, அந்த டீலர்கிட்டதான் போகணும், அவர் ஸ்டாக் வைக்கலைன்னா வர்ற வரைக்கும் காத்திருக்கணும். ஸ்பேர் பார்ட்ஸ் விஷயத்துல பேர் தெரியாத மெஷின்தான் பல ஊர்கள்ல முன்னாடி நிக்குது. இதை யாரும் ரிவ்யூவுல சொல்றதில்ல.

குறை என்னன்னா, டிசைன் ஒண்ணா இருந்தாலும் தரம் ஒண்ணா இருக்காது. ஒரே ஸ்டிக்கர்ல போன வருஷம் வந்த லாட் நல்லா ஓடும், இந்த வருஷ லாட்ல போல்ட்டு கழண்டு விழும். பெட்டியைப் பிரிச்சதும் எல்லா நட்டு போல்ட்டையும் ஒரு தடவை இறுக்கிட்டு, முதல் மணி நேர வேலைக்குப் பிறகு மறுபடியும் இறுக்கணும். இதைச் செய்யத் தெரிஞ்சவருக்கு சாதா மெஷின் பாதி ரிஸ்க் போச்சு.

இதுக்கு நடுவுல கிசான்கிராஃப்ட், பல்வான், நெப்டியூன் மாதிரி இந்தியக் கம்பெனிகள் விக்கிற நடுத்தர விலை மெஷின்கள் இருக்கு. உங்க தாலுகாவுல டீலர் இருந்தா இதையும் பட்டியல்ல சேருங்க.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை செய்யுங்க. அஞ்சு நிமிஷம்தான் ஆகும். ஊருக்குப் பக்கத்து டவுன்ல இருக்குற கடைக்குப் போன் போட்டு, "அண்ணே, இந்த மாடலுக்கு ஸ்டார்ட்டரும் கிளட்ச்சும் இப்ப கையில இருக்கா?"ன்னு கேளுங்க. "வரவழைச்சுத் தரேன்"னு பதில் வந்தா அது இல்லைன்னு அர்த்தம். பிராண்டா இருந்தாலும் சரி, சாதாவா இருந்தாலும் சரி, இந்தப் போன்ல பாஸாகாத மெஷினை வாங்காதீங்க.

மெஷினைக் கெடுக்குறது சும்மா கிடக்குற மாசங்கள்

மேல ஒரு ஏக்கர் கணக்குல, வெறும் 70 மணி நேரம் ஓடின சாதா மெஷின் மூணாவது வருஷமே படுத்துடும்னு எழுதினேன். நாலு ஏக்கர்ல அதே மெஷினுக்கு 150 மணி நேரம் கொடுத்தேன். முரண்பாடா தோணும். காரணம் இருக்கு.

இப்ப பங்க்ல நாம போடுற பெட்ரோல் இ20, அதாவது 20% வரைக்கும் எத்தனால் கலந்தது. எத்தனால் காத்துல இருக்குற ஈரத்தை இழுக்கும். டேங்க்ல பெட்ரோலோட மூணு மாசம் கொட்டகையில கிடந்தா, அந்த ஈரம் சேர்ந்து அடியில தண்ணியும் எத்தனாலுமா பிரிஞ்சு நிக்கும். கார்புரேட்டருக்குள்ள இருக்குற மெல்லிசான டயஃப்ராம், பெட்ரோல் டியூப் எல்லாம் விறைச்சுப் போகும். நாலாவது மாசம் ஊருக்குப் போய் கயிறை இழுத்தா இழுத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான். பிராண்ட் மெஷின்ல ரப்பர் தரம் நல்லா இருக்கும், கொஞ்சம் கூடத் தாங்கும். ஆனா தண்ணி சேர்ந்த பெட்ரோல் ஜெர்மன் மெஷினையும் விடாது.

வழி ரொம்பச் சாதாரணம். வேலை முடிஞ்சதும் டேங்க்கைக் காலி பண்ணிட்டு, மெஷினை ஸ்டார்ட் பண்ணி அதுவா நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க. கார்புரேட்டர்ல இருக்குற மிச்சமும் தீர்ந்துடும். அஞ்சு நிமிஷ வேலை. இதை ஒழுங்கா செஞ்சா 9,000 ரூபாய் மெஷின் மூணு வருஷம் இல்ல, அஞ்சு வருஷமும் இருக்கலாம். அப்ப ரெண்டாவது மெஷின் வாங்குற 9,000 கணக்குல இருந்து போயிடும், சாதா மெஷின் செலவு 29,000-க்கு இறங்கிடும். பார்க்கப் போனா ஒரு ஏக்கர்காரருக்கு இருக்குற பெரிய சேமிப்பு இந்த அஞ்சு நிமிஷம்தான். செய்ய மாட்டோம்னு தெரிஞ்சா எந்த மெஷினையும் வாங்காம ஆளைக் கூப்பிடுறது நல்லது.

ஓட்டப் போறது யாரு?

ஆர்டர் போடுறது நாம. ஓட்டுறது பெரும்பாலும் அப்பா. இந்த ஒரு விஷயம் என் கணக்கையே கொஞ்சம் திருப்பிப் போடுது.

ஆன்லைன்ல வாங்கினா மெஷின் பாதி பிரிச்ச நிலையில பெட்டியில ஊருக்குப் போகும். ஹேண்டில் பூட்டணும், பிளேடு பூட்டணும், பிளேடு நட்டு எந்தப் பக்கம் சுத்தினா இறுகும்னு தெரியணும். நாம வீடியோ கால்ல, "அப்பா, அந்தச் சிவப்பு பட்டனை அமுக்குங்க"ன்னு சொல்லிக்கிட்டு இருப்போம். டீலர் கடையில வாங்கினா கடைக்காரரே பூட்டி, ஸ்டார்ட் பண்ணிக் காட்டி, தோள் பெல்ட்டை அப்பா உயரத்துக்குச் சரி பண்ணிக் கொடுப்பார். நீங்க கூடக் கொடுக்குற காசுல ஒரு பங்கு இதுக்குத்தான் போகுது. அது வீண் செலவில்ல.

ரெண்டாவது ஆயில். ரெண்டு ஸ்ட்ரோக் மெஷின்ல பெட்ரோலோட ஆயிலைக் கலந்துதான் ஊத்தணும். மெஷினையும் ஆயிலையும் பொறுத்து 50-க்கு 1, இல்ல 25-க்கு 1. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி, இல்ல 40 மில்லி. மேனுவல்ல எது போட்டிருக்கோ அது. ஒரே ஒரு நாள், மொபெட்டுக்கு வாங்கி வச்ச வெறும் பெட்ரோலை மறந்து ஊத்தி ஓட்டினா போதும், பிஸ்டன் பிடிச்சுக்கும். 30,000 ரூபாய் மெஷினுக்கும் இதே கதிதான், வாரண்டியும் வராது. இங்கதான் நாலு ஸ்ட்ரோக் மெஷினோட வசதி. ஹோண்டா ஜிஎக்ஸ் 35-ல ஆயில் தனியா 100 மில்லி, பெட்ரோல் தனியா. கலக்குற வேலையே கிடையாது. பவர் கொஞ்சம் கம்மின்னாலும், வயசான ஒருத்தர் தனியா ஓட்டுற வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ரெண்டு ஸ்ட்ரோக்தான் வாங்குறீங்கன்னா, கலந்த பெட்ரோலுக்குன்னு வேற நிறத்துல ஒரு கேனை வாங்கி, மேல பெருசா எழுதி வச்சுட்டு வாங்க.

மூணாவது நடுக்கம். மணிக்கணக்கா அதிர்ற கைப்பிடியைப் பிடிச்சிருந்தா விரல் மரத்துப் போகும். வருஷக்கணக்குல அது தொடர்ந்தா விரல் வெளுத்து, உணர்ச்சி குறையுற நோயாவே மாறும். ஐரோப்பாவுல 2002-லயே இதுக்குச் சட்டம் போட்டிருக்காங்க. எட்டு மணி நேர வேலைக்குக் கணக்குப் போட்டு 2.5 மீ/வி² தாண்டினா முதலாளி நடவடிக்கை எடுக்கணும், 5 தாண்டவே கூடாது. அதனால பெரிய பிராண்ட்கள் மேனுவல்லயே ஒவ்வொரு மாடலோட அதிர்வு அளவையும் போடுறாங்க. சாதா மெஷின் பெட்டியில வர்ற ஒத்தைத் தாள்ல அந்த வரி பெரும்பாலும் இருக்காது. மாசத்துக்கு ரெண்டு மணி நேரம் ஓட்டுற நமக்கு இது பெரிய விஷயம் இல்ல. வாரம் முழுக்க வெட்டுறவருக்கும், ஏற்கெனவே கை நடுக்கமோ சர்க்கரையோ இருக்குற அப்பாவுக்கும் இது விஷயம்தான்.

எந்த மெஷினா இருந்தாலும் கண்ணாடி, பூட்ஸ், பிளேடு கார்டு மூணும் வேணும். வெட்டும்போது சுத்தி 15 மீட்டருக்குள்ள ஆளோ ஆடு மாடோ இருக்கக் கூடாதுன்னு மேனுவல்கள் சொல்லுது. கல்லு தெறிக்குற வேகம் அப்படி. இதுக்கு 1,000 ரூபாய் ஒதுக்கிட்டு மிச்சக் காசுல மெஷின் பாருங்க.

செயின் சா பத்தி இங்கயே ஒரு வரி சொல்லிடுறேன், ஏன்னா பிரஷ் கட்டர் தேடுறவங்களுக்கு அடுத்த விளம்பரம் அதுதான் வருது. மேல சொன்ன எந்தக் கணக்கும் செயின் சாவுக்குப் பொருந்தாது. கையை நோக்கி எகிறும்போது சங்கிலியை நிறுத்துற செயின் பிரேக் இல்லாத மெஷினை எவ்வளவு சீப்பா கிடைச்சாலும் வாங்கி வீட்டுக்கு அனுப்பாதீங்க. மட்டை வெட்ட அரிவாள் போதும். மரம் அறுக்க ஆளைக் கூப்பிடுங்க.

பேட்டரி மெஷின்: நீங்க வாங்குறது பேட்டரியை

சத்தம் இல்ல, கயிறு இழுக்க வேண்டாம், ஆயில் கலக்க வேண்டாம். வீட்டைச் சுத்தி ரெண்டு மூணு சென்ட் தோட்டம், வேலி ஓரம், வாசல் புல்லு இதுக்கெல்லாம் பேட்டரி மெஷின் அருமை. ஒரு ஏக்கருக்கு இல்ல. காரணம் எளிய பெருக்கல். 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் பேட்டரின்னா 90 வாட்-அவர். மெஷின் 400 வாட் இழுத்தா 13 நிமிஷம் சுமார். ஒரு ஏக்கருக்கு எத்தனை பேட்டரி வேணும்னு நீங்களே போட்டுப் பாருங்க.

இந்தப் பெருக்கலை விளம்பரத்துக்கும் போடுங்க. 21 வோல்ட்னு விக்கிறதும் 18 வோல்ட்னு விக்கிறதும் உள்ள அதே அஞ்சு செல்தான். முழு சார்ஜ்ல ஒரு செல் 4.2 வோல்ட், அஞ்சு செல்லுக்கு 21. சராசரியில 3.6, அஞ்சு செல்லுக்கு 18. வோல்ட் எண்ணுக்குப் பின்னாடி ஒரு எஃப் ஒட்டி 48, 88னு போட்டு சில ஆயிரம் ரூபாய்க்கு வர்ற மெஷின்களைப் பாருங்க. அந்த எண் பெரும்பாலும் மாடல் பேரு மாதிரிதான், வோல்ட் இல்ல. வாட்-அவர் எவ்வளவுன்னு எழுதாத பேட்டரிக்கு விலை பேசவே முடியாது.

இங்க பிராண்டுக்குக் காசு கொடுக்குறதுல அர்த்தம் இருக்கு, ஏன்னா மூணு நாலு வருஷம் கழிச்சு பேட்டரி தேயும்போது அதே பொருத்தத்துல புது பேட்டரி கிடைக்கணும். மகிட்டாவோட 18 வோல்ட் எல்எக்ஸ்டி வரிசை 2005-ல வந்தது, இன்னைக்கும் அதுக்குப் புது மெஷின் வருது. பேர் தெரியாத மெஷினுக்கு ரெண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த லிஸ்டிங்கே இருக்காது, நல்ல மோட்டாரோட மெஷின் பரண்ல போய் உக்காந்துக்கும். ஆனா பிராண்ட்னாலே எல்லாம் பொருந்தும்னும் நினைக்காதீங்க. பாஷ் கம்பெனியோட பச்சை நிற வீட்டு உபயோக 18 வோல்ட் பேட்டரி, அதே பாஷோட நீல நிற புரொஃபஷனல் மெஷின்ல ஏறாது. அண்ணன் வீட்டு டிரில் பேட்டரியை நம்பி மெஷினை மட்டும் வாங்குறவங்க நிறத்தைப் பார்த்துட்டு வாங்குங்க.

காசு எப்படிக் கொடுக்கப் போறீங்க?

நிலம் இருக்கிறவங்க முதல்ல பார்க்க வேண்டியது மானியம். மத்திய அரசோட வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் மூலமா, தமிழ்நாட்டுல வேளாண்மைப் பொறியியல் துறை கொடுக்குது. சிறு குறு விவசாயி, பட்டியல் சாதி, பழங்குடியினர், பெண் விவசாயிகளுக்கு 50%, மத்தவங்களுக்கு 40%. ஒவ்வொரு மெஷினுக்கும் உச்சவரம்பு உண்டு, அங்கீகாரப் பட்டியல்ல இருக்குற மாடலுக்கு மட்டும்தான். நீங்க பார்த்து வச்ச மாடல் அதுல இருக்கான்னு உங்க கோட்டத்து உதவி செயற்பொறியாளர் அலுவலகத்துல கேளுங்க. பட்டா யார் பேர்ல இருக்கோ அவங்கதான் விண்ணப்பிக்கணும். அப்பா பேர்ல இருந்தா அப்பா, அம்மா பேர்ல இருந்தா அம்மா, அம்மான்னா 50%. அனுமதி வந்த பிறகுதான் வாங்கணும். அவசரப்பட்டு அமேசான்ல வாங்கிட்டு பில்லை நீட்டினா ஒண்ணும் வராது.

30,000 ரூபாய் மெஷினுக்கு உச்சவரம்புக்குள்ள 12,000 கிடைச்சாலே, மேல போட்ட ஒரு ஏக்கர் கணக்குல பிராண்ட் மெஷின் 40,000-ல இருந்து 28,000-க்கு இறங்கிடும். சாதாவை விட கம்மி. ஆளை வச்சு வெட்டுற 22,500-க்கும் பக்கத்துல வந்துடும். ஆன்லைன் சாதா மெஷினுக்கு இந்த வழி கிடையாது. மானியம் கிடைக்கும்னா பிராண்ட், கிடைக்காதுன்னா திரும்ப மணிக்கணக்கைப் பாருங்க.

இஎம்ஐ எதுக்கு வேண்டாம்னு சொல்றேன்னா, வட்டிக்காக மட்டும் இல்ல. 30,000 ரூபாயை 15% வட்டியில 12 மாசத்துக்குப் போட்டா மாசம் 2,708, மொத்த வட்டி 2,500 ரூபாய்க்குள்ள. கிரெடிட் கார்டுன்னா அந்த வட்டிக்கு மேல 18% ஜிஎஸ்டி, பிராசஸிங் கட்டணம் தனி. தாங்க முடியாத தொகை இல்ல. பிரச்சனை என்னன்னா, மாசம் 2,708னு பார்க்கும்போது 24 மணி நேர மெஷின்ங்கறது மறந்துடும். அந்த வருஷம் முழுக்கக் கட்டுற இஎம்ஐயில, ஆளை வச்சு வெட்டுற கூலியை ஏழு வருஷத்துக்குக் கொடுத்திடலாம். இந்த மாசச் சம்பளத்துல ரொக்கமா எடுக்க முடியாத மெஷின்னா, அடுத்த மழைக்குள்ள மாசம் 3,000 தனியா எடுத்து வைங்க. அதுக்குள்ள இந்த சீசனை வாடகைக்கு ஓட்டினா உங்க தோப்புக்கு நிஜமாவே எத்தனை மணி நேரம் ஆகுதுன்னும் தெரிஞ்சுடும்.

இன்னொரு வழி இருக்கு, நம்ம வயசுல யாரும் யோசிக்கிறதில்ல. பங்காளிங்க நாலு பேர், ஆளுக்கு ஒரு ஏக்கர். தனித்தனியா நாலு சாதா மெஷின் வாங்கினா 36,000. சேர்ந்து ஒரு பிராண்ட் மெஷின் வாங்கினா ஆளுக்கு 7,500. அது நேரா 100 மணி நேரக் கணக்குக்குள்ள வந்துடும், மெஷினும் சும்மா கிடக்காது. எங்க வைக்கிறது, கெட்டா யார் செலவு பண்றது, யார் முதல்ல வெட்டுறதுன்னு முன்கூட்டியே பேசி வாட்ஸ்அப் குரூப்ல எழுதி வச்சுடுங்க. பேசாம வாங்கினா பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது மெஷின் இருக்கும், பேச்சுவார்த்தை இருக்காது.

பழைய பிராண்ட் மெஷின் வாங்கலாமான்னு கேக்குறவங்களுக்கு: வாங்கலாம். குளிர்ந்த நிலையில நீங்களே கயிறை இழுத்து ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, விக்கிறவர் ஏற்கெனவே சூடு பண்ணி வச்சிருந்தா ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிட்டு அந்த ஓட்டை வழியா பிஸ்டன் தலையைப் பாருங்க. சைலன்சரைக் கழட்ட விடுவார்னா பிஸ்டனோட பக்கவாட்டுலயும் டார்ச் அடிங்க. மேல இருந்து கீழ கோடு கோடா கீறல் தெரிஞ்சா யாரோ ஒரு நாள் வெறும் பெட்ரோல் ஊத்தி ஓட்டியிருக்காங்க. விலை எவ்வளவு குறைச்சாலும் அதை அங்கயே வச்சுட்டு வந்துடுங்க.